சவ வண்டியில் போன சர்க்கரை

1806 நவம்பர் 21 அன்று பெர்லின் நகரில் நெப்போலியன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஜேனா போரில் பிரஷ்யாவை முறியடித்து ஐந்து வாரங்கள் கடந்திருந்தன. அந்த ஆணையின் முதல் விதியே விசித்திரமானது. பிரிட்டிஷ் தீவுகள் முற்றுகைக்கு உள்ளாகிவிட்டதாக அது அறிவித்தது. முற்றுகை என்றால் கடலில் கப்பல்கள் நிற்க வேண்டும். ஆனால் முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் டிரஃபால்கர் கடற்போரில் பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டுக் கடற்படை சிதறிப் போயிருந்தது. கடற்படையை இழந்த ஒருவர், கடல் சூழ்ந்த நாட்டை முற்றுகையிட்டிருப்பதாகச் சொன்னபோது லண்டனில் சிலர் சிரித்திருக்கக் கூடும். சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. கடலை மூட முடியாதவர் கரையை மூடத் தொடங்கினார். பிரிட்டனின் சரக்கு எதுவும், அது யாருடைய கப்பலில் வந்தாலும், ஐரோப்பாவின் எந்தத் துறைமுகத்திலும் இறங்கக் கூடாது என்பதே ஆணையின் சாரம். வரலாற்று நூல்கள் இதைக் கண்ட முற்றுகை என்கின்றன.

இந்த முற்றுகையின் கதையை நாம் பெரும்பாலும் தளபதிகளின் பக்கமிருந்தே படித்திருக்கிறோம். ஸ்பெயின், மாஸ்கோ, லைப்ஸிக், வாட்டர்லூ என்று அது வரிசையாகப் போகும். அதே கதையைச் சர்க்கரை மூட்டையின் பக்கமிருந்தும், ஒரு பொதி பட்டின் பக்கமிருந்தும், கப்பலுக்கு வெட்டிய மரத்தின் பக்கமிருந்தும் சொல்லிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பொருளாதாரத் தடை என்ற சொல் நாளிதழ்களில் அன்றாடம் அடிபடுகிற காலத்தில் வாழ்கிறோம். ஒரு தடை விழும்போது சரக்குக்கு என்ன நேர்கிறது, யார் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு இந்த எட்டாண்டுக் கதையைப் போல விரிவான விடை தரும் முன்னுதாரணம் வேறு உண்டா என்பது ஐயமே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தடையை நெப்போலியன்தான் தொடங்கினார் என்பது பாதி உண்மை. பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து எல்ப நதி முகத்துவாரம் வரையிலான கரை முழுவதும் முற்றுகைக்குட்பட்டது என்று பிரிட்டன் 1806 மே மாதத்திலேயே அறிவித்திருந்தது. பெர்லின் ஆணைக்குப் பதிலாக 1807இல் லண்டன் அடுத்தடுத்து உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஐரோப்பாவுக்குச் சரக்கு கொண்டுபோக விரும்பும் நடுநிலை நாட்டுக் கப்பல் முதலில் பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வந்து, தீர்வை கட்டிவிட்டுப் போக வேண்டும் என்றது. அவ்வாண்டு டிசம்பர் 17 அன்று மிலான் நகரிலிருந்து நெப்போலியன் பதில் அளித்தார்: பிரிட்டிஷாரின் சோதனைக்கு உடன்பட்ட எந்தக் கப்பலும் பிரிட்டிஷ் கப்பலாகவே கருதப்பட்டுப் பறிமுதல் செய்யப்படும். ஆக, பாஸ்டனிலிருந்து பருத்தி ஏற்றிவரும் ஓர் அமெரிக்க மாலுமி லண்டனுக்குப் போகாவிட்டால் பிரிட்டிஷ்காரனிடம் பிடிபடுவான். போனால் பிரெஞ்சுக்காரனிடம் பிடிபடுவான்.

இந்த இக்கட்டுக்கு அமெரிக்க அதிபர் ஜெஃபர்ஸன் கண்ட தீர்வு இன்னும் விசித்திரமானது. 1807 டிசம்பர் 22 முதல் தம் நாட்டுக் கப்பல்கள் அயல்நாட்டுத் துறைமுகங்களுக்குப் புறப்படுவதையே அவர் தடை செய்தார். 1807இல் 10 கோடியே 80 லட்சம் டாலராக இருந்த அமெரிக்க ஏற்றுமதி மறு ஆண்டில் 2 கோடியே 20 லட்சமாக வீழ்ந்தது. இதில் நெப்போலியன் காட்டிய குயுக்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அமெரிக்கக் கப்பல்கள் கடலுக்கு வரவே கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அப்படியிருக்க ஐரோப்பியத் துறைமுகத்தில் அமெரிக்கக் கொடியோடு நிற்கும் கப்பல் வேடமிட்ட பிரிட்டிஷ் கப்பலாகத்தான் இருக்க முடியும் என்று கூறி, 1808 ஏப்ரலில் பயோன் நகரிலிருந்து ஆணையிட்டு அவற்றைப் பறிமுதல் செய்தார். தர்க்க சாஸ்திர மாணவர்கள் பாடமாகவே படிக்கலாம்.

*

இனி சரக்குகளின் பின்னால் போவோம்.

வடகடலில், எல்ப நதியின் வாய்க்கு எதிரே ஹெலிகோலாந்து என்றொரு தீவு இருக்கிறது. செம்பாறைகளால் ஆன சிறு திட்டு, மாலைநடையில் சுற்றிவந்துவிடலாம். 1807 செப்டம்பரில் பிரிட்டன் இதை டென்மார்க்கிடமிருந்து பறித்தது. மீனவர்களும் கப்பல் வழிகாட்டிகளும் வாழ்ந்த அந்தத் திட்டில் சில மாதங்களுக்குள் லண்டன் வணிகர்கள் வந்து குவிந்தனர். கிடங்குகள் முளைத்தன. காப்பியும் சர்க்கரையும் பருத்தித் துணியும் மலைபோல் அடுக்கப்பட்டன. இரவில் படகுகள் அங்கிருந்து கிளம்பி ஜெர்மானியக் கரையின் சேற்று நிலங்களில் சரக்கை இறக்கின. மத்தியதரைக் கடலில் மால்ட்டா இதே வேலையைச் செய்தது.

கரைக்கு வந்த சரக்கு ஹாம்பர்க்குக்குள் நுழைந்த விதத்தை அங்கே நெப்போலியனின் தூதராக இருந்த பூரியென் தம் நினைவுக்குறிப்புகளில் விவரித்திருக்கிறார். ஹாம்பர்க்கை ஒட்டியிருந்த அல்ட்டோனா டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டது. இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நிலத்தில் கட்டட வேலைக்காக மணல் தோண்டி வண்டி வண்டியாக ஹாம்பர்க்குக்கு அனுப்புவது வழக்கம். தோண்டிய பள்ளங்களில் இரவோடிரவாகப் பழுப்புச் சர்க்கரையைக் கொட்டி, மேலே மெல்லிசாக மணலைத் தூவி வைப்பார்களாம். பகலில் மணல் வண்டிகளில் சர்க்கரை ஊருக்குள் போகும். இந்தத் தந்திரம் அம்பலமானதும் திடீரெனப் புறநகரில் சாவு பெருகியது. கறுப்புத் துணி போர்த்திய சவ வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுங்கச் சாவடியைக் கடந்தன. ஊரில் கொள்ளைநோய் எதுவும் இல்லையே என்று அதிகாரிகளுக்கு ஐயம் எழுந்து ஒரு வண்டியைத் திறந்து பார்த்தபோது, சவப்பெட்டிக்குரிய இடத்தில் சர்க்கரையும் காப்பியும் வனிலாவும் அவுரியும் இருந்தன.

பூரியென் நம்பத்தகுந்த சாட்சி அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுங்கத்தைக் காக்க வேண்டிய அவரே கையூட்டுப் பெற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டவர். ஆனாலும் அவருடைய இன்னொரு தகவல், அவருக்கே பெருமை சேர்ப்பதற்காகச் சொல்லப்பட்டதென்றாலும், இந்தக் காலத்தின் இயல்போடு மிகப் பொருந்துகிறது. கிழக்கே குளிரில் நின்ற பிரெஞ்சுப் படைக்கு 50,000 மேலங்கிகள் வேண்டுமென்று பாரிஸிலிருந்து உத்தரவு வந்தது. அவ்வளவு துணி ஐரோப்பாவில் எங்கும் உரிய காலத்தில் கிடைக்காது. எனவே பெர்லின் ஆணையைக் காக்க நியமிக்கப்பட்டவரே, பெர்லின் ஆணையை மீறி, இங்கிலாந்திலிருந்து துணியையும் தோலையும் வரவழைக்க ஒரு ஹாம்பர்க் நிறுவனத்துக்கு அனுமதி தந்தார். இங்கிலாந்தைப் பட்டினி போடப் புறப்பட்ட படை இங்கிலாந்தின் துணியை உடுத்துக்கொண்டு நடந்தது.

வடக்கே காவல் இறுகியபோது பாதைகள் தெற்கே வளைந்தன. சர்க்கரையைச் சிறு பெட்டிகளில் கட்டி, துருக்கியர் ஆட்சியிலிருந்த சலோனிக்கா துறைமுகத்தில் இறக்கி, குதிரைகள் மீதும் கோவேறு கழுதைகள் மீதும் ஏற்றி, செர்பிய மலைகளையும் ஹங்கேரியையும் தாண்டி வியன்னாவுக்குக் கொண்டுபோனார்கள். லண்டனிலிருந்து ஜெர்மனிக்கு ஒரு வாரத்தில் போயிருக்க வேண்டிய பொருள் இப்படி ஐரோப்பாவை முழுவதுமாகச் சுற்றி முதுகுப்புறமாக நுழைந்தது. அக்காலத்து விலைவாசியின் வரலாற்றை எழுதிய தாமஸ் டூக் ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்திருக்கிறார். வட இத்தாலியின் பெர்காமோ நகரிலிருந்து இரண்டு பொதிப் பட்டு ஒரே சமயத்தில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. ஒன்று ஸ்மிர்னா வழியாகவும் மற்றது ருஷ்யாவின் வடகோடியிலுள்ள ஆர்க்காங்கெல் வழியாகவும் போயின. முதல் பொதி போய்ச் சேர ஓராண்டும் இரண்டாவது போய்ச் சேர இரண்டாண்டும் ஆயின. கலேயிலிருந்து லண்டனுக்குப் போய்த் திரும்ப, நூறு டன்னுக்குச் சற்றே கூடுதலான ஒரு சிறு கப்பலுக்குக் கட்டணமும் பிரெஞ்சு உரிமமும் சேர்ந்து 50,000 பவுன் வரை ஆனதுண்டு என்றும் அவர் எழுதுகிறார். கலேயின் கரையில் நின்றால் தெளிந்த நாட்களில் இங்கிலாந்து கண்ணுக்குத் தெரியும்.

தூரம் என்பது வரைபடத்தில் இருப்பதல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ரேகா யுஹாஸ் என்ற பொருளியல் ஆய்வாளர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சுற்றுப்பாதைகளையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. முற்றுகைக்கு முன் இங்கிலாந்துக்கு மிக அருகே இருந்த வட பிரான்ஸ், கள்ளச் சரக்கு தெற்கு வழியாகச் சுற்றி வரத் தொடங்கியதும், வணிகக் கணக்கில் இங்கிலாந்துக்கு வெகு தொலைவில் போய்விட்டது. பிரிட்டிஷ் நூலின் போட்டியிலிருந்து அவ்வாறு தப்பித்த பகுதிகளில் இயந்திர நூற்பாலைகள் பெருகின. தப்பிக்காத பகுதிகளில் அந்த அளவுக்குப் பெருகவில்லை. சமாதானம் வந்து பாதைகள் பழையபடி நேரானபோதும் அந்த ஆலைகள் நின்று நிலைத்தன. இதன் மறுபக்கம் போர்தோ. மேற்கிந்தியச் சர்க்கரையாலும் காப்பியாலும் செழித்த அந்தத் துறைமுகத்தின் தெருக்களில் புல் முளைத்திருப்பதாக 1808இல் அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி எழுதினார். பிரெஞ்சுத் தொழிலின் இருப்பிடம் அட்லாண்டிக் கரையிலிருந்து ரைன் நதிப்பக்கம் நகர்ந்தது இக்காலத்தில்தான் என்று வரலாற்றாசிரியர் ஃபிரான்ஸுவா க்ரூஸே வாதிட்டிருக்கிறார்.

உக்ரைன் போருக்குப் பின் 2022 டிசம்பரில் ருஷ்ய எண்ணெய்க்கு மேற்கு நாடுகள் பீப்பாய்க்கு 60 டாலர் என உச்சவரம்பு விதித்தபோது நடந்ததை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. பால்டிக் துறைமுகங்களிலிருந்து சில நாட்களில் ராட்டர்டாம் போய்க்கொண்டிருந்த கச்சா எண்ணெய், உரிமையாளர் யாரென்று தெரியாத பழைய கப்பல்களில் ஏறிக் குஜராத்தின் கரைக்கு வந்தது. போருக்கு முன் இந்தியாவின் எண்ணெய் இறக்குமதியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லாத ருஷ்யா, 2023இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தந்தது. இங்கே சுத்திகரிக்கப்பட்ட டீசலை அவ்வாண்டு ஐரோப்பா வாங்கியது. சலோனிக்காவின் கோவேறு கழுதைகளுக்கு இந்தப் பாதை அந்நியமாகத் தோன்றியிராது.

*

கள்ளக்கடத்தல்காரர்களைவிடச் சுவையான பாத்திரங்கள் அரசாங்கங்கள். தடையை விதித்த இரண்டு அரசுகளும் அதை மீறுவதற்கான உரிமத்தை விற்றன. பிரிட்டன் 1810ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட உரிமங்களை வழங்கியது. பிரெஞ்சு அரசும் பின்தங்கவில்லை. 1809இலும் 1810இலும் இங்கிலாந்தில் விளைச்சல் பொய்த்துக் கோதுமை விலை ஏறியது. எதிரியைப் பட்டினி போட இதைவிட நல்ல தருணம் வாய்க்காது. ஆனால் நெப்போலியன் தம் நாட்டு உழவர்களின் உபரித் தானியத்தை உரிமத்தின் பேரில் இங்கிலாந்துக்கு விற்க அனுமதித்தார். தங்கம் வெளியேறினால் இங்கிலாந்து திவாலாகும் என்பது அவர் கணக்கு. பொருள் உள்ளே வருவது பலம், காசு உள்ளே வருவதுதான் அதைவிடப் பலம் என்ற பழைய வணிகவாத நம்பிக்கை அவரை விடவில்லை.

1810 ஆகஸ்டில் ட்ரியானோன் ஆணை வந்தது. சர்க்கரை, காப்பி, பருத்தி முதலிய குடியேற்ற நாட்டுப் பொருள்கள் மீது மிகக் கடுமையான தீர்வை. கள்ளக்கடத்தல்காரன் எடுத்துக்கொண்டிருந்த லாபத்தை இனி அரசே எடுத்துக்கொள்ளும் என்பது இதன் பொருள். இரண்டே மாதத்தில் பிரிட்டிஷ் ஆலைப்பொருள்களை எங்கு கண்டாலும் எரிக்க வேண்டும் என்ற ஆணையும் வந்தது. ஒரு கையால் சர்க்கரைக்குக் கதவைத் திறந்து காசு வாங்கிக்கொண்டு, மறு கையால் ஃபிராங்ஃபர்ட்டின் பொதுவெளியில் துணியைக் கொளுத்தினார்கள். எரியும் துணியைச் சுற்றி நின்று பார்த்த மக்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? அவர்களில் பலருக்கு அக்குளிர்காலத்தில் மாற்றுத் துணி இருந்திராது. தடையின் ஒழுக்க நியாயம் எங்கே செத்தது என்று கேட்டால், நாம் இந்த 1810ஐத்தான் சுட்டுவோம். விதிப்பவரே விற்கத் தொடங்கியபின், அதற்குப் பணியும்படி மற்றவர்களைக் கேட்க எந்த முகமும் மிச்சமில்லை.

அப்படிக் கேட்கப்பட்டவர்களில் முதன்மையானவர் ருஷ்யாவின் ஸார் அலெக்ஸாந்தர். 1807 ஜூலையில் டில்ஸிட் உடன்படிக்கையின் மூலம் அவர் தடையில் இணைந்திருந்தார். ருஷ்ய நிலப்பிரபுக்களின் கயிற்றுச் சணலும் ஆளியும் கொழுப்பும் மரமும் வழக்கமாகப் போவது பிரிட்டனுக்கு. வாங்க ஆளின்றி அவை தேங்கின, ரூபிள் சரிந்தது. பாரிஸ் தன் எதிரிக்கே கோதுமை விற்பது பீட்டர்ஸ்பர்குக்குத் தெரியாமல் போகுமா? 1810 டிசம்பர் 31 அன்று ஸார், நடுநிலைக் கப்பல்களுக்குத் துறைமுகங்களைத் திறந்து, பிரெஞ்சு ஆடம்பரப் பொருள்கள் மீது தீர்வையை உயர்த்தினார். மாஸ்கோ படையெடுப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கண்ட முற்றுகையில் விழுந்த இந்த ஓட்டையை அடைப்பது அவற்றில் தலையாயது.

1812 ஜூன் மாதத்தின் ஒரு வாரம் வரலாற்றின் குரூரமான நகைச்சுவைகளில் ஒன்று. பிரிட்டனின் கடல் உத்தரவுகளையும் தன் மாலுமிகள் வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்லப்படுவதையும் பொறுக்காமல் 18ஆம் தேதி அமெரிக்கா போர் தொடுத்தது. தம் ஆலைகள் நின்றுபோய்க் கலங்கியிருந்த பிரிட்டிஷ் உற்பத்தியாளர்களின் நெருக்குதலால் 23ஆம் தேதி லண்டன் அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. அட்லாண்டிக்கைக் கடக்கச் செய்திக்குப் பல வாரம் ஆகும். அதற்குள் போர் தொடங்கிவிட்டது. 24ஆம் தேதி நெப்போலியனின் படை நீமன் நதியைக் கடந்து ருஷ்யாவுக்குள் நுழைந்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் முடியிழந்தார்; அவரோடு தடையும் முடிந்தது.

*

தடை முடிந்தபின் அதன் பாதைகள் என்னவாயின என்பதில்தான் நமக்கு அதிக அக்கறை.

சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். வெள்ளை பீட்ரூட்டில் இருப்பது கரும்பில் இருக்கும் அதே சர்க்கரைதான் என்று பெர்லினில் மார்க்கிராஃப் 1747இலேயே கண்டுபிடித்துவிட்டார். அவருடைய மாணவர் ஆக்கார்ட் 1801இல் சிலேசியாவில் ஆலையும் நிறுவினார். கரும்புச் சர்க்கரை மலிவாக வந்துகொண்டிருந்தவரை அது ஒரு விநோதம் மட்டுமே. முற்றுகை அதை அரசின் கொள்கையாக்கியது. 1811 மார்ச்சில் 32,000 ஹெக்டேரில் பீட்ரூட் பயிரிட ஆணை பிறந்தது. மறு ஆண்டு ஜனவரியில் பாஸி என்ற இடத்தில் தெலஸேர் நடத்திய ஆலையைப் பார்க்கப் போன நெப்போலியன், தம் மார்பிலிருந்த விருதுச் சிலுவையைக் கழற்றி அவருக்கு அணிவித்தார். சர்க்கரைத் தீவுகளைத் தக்கவைத்துக்கொள்வதற்காக 1802இல் அடிமைமுறையை மீண்டும் சட்டமாக்கியவரும் இதே நெப்போலியன்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். அவுரிக்குப் பதிலாக ஐரோப்பாவின் பழைய நீலச் செடியை வளர்க்கச் செய்த முயற்சி அமைதி வந்ததும் மடிந்தது. வங்காளத்து அவுரியின் நிறத்தோடு அது போட்டியிட முடியவில்லை. காப்பிக்குப் பதிலாகப் புகுந்த சிக்கரி வேறுவிதம். பிரஷ்யாவில் முன்பே பழகியிருந்த அந்த வேர், முற்றுகைக் காலத்தில் பிரெஞ்சு வீடுகளுக்குள் பரவி, உண்மையான காப்பி திரும்பி வந்தபின்பும் வெளியேற மறுத்துவிட்டது. நம் ஊர் வடிகட்டிக் காப்பியில் அதன் கசப்பை ருசிப்பவர்கள் அதை அறிவார்கள்.

1814இல் துறைமுகங்கள் திறந்ததும் பீட்ரூட் ஆலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆனால் விதையும் செய்முறையும் பயிற்சிபெற்ற ஆட்களும் எஞ்சினர். 1820களிலிருந்து பிரான்ஸிலும் பின்னர் ஜெர்மனியிலும் அத்தொழில் மீண்டும் தழைத்தது. 1880களில் உலகச் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி பீட்ரூட்டிலிருந்து வந்தது. அரசு ஊக்கத்தொகையோடு ஐரோப்பியச் சர்க்கரை சந்தையில் குவிந்து 1884இல் விலை சரிந்தது. டிரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்த இந்தியர்களின் மீது அந்தச் சரிவு இறங்கியது. பெரும்பாலோர் கல்கத்தா வழியாகவும் ஒரு பகுதியினர் சென்னை வழியாகவும் அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள். அதே கூலிக்கு அதிக வேலை சுமத்தப்பட்டது. தோட்டங்களில் கலகக்குரல் எழுந்தது. அந்த அச்சச் சூழலில்தான் அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று சான் ஃபெர்னாண்டோவில், தடையை மீறி நகருக்குள் நுழைய முயன்ற முஹர்ரம் ஊர்வலத்தின் மீது காவலர்கள் சுட்டுப் பலரைக் கொன்றனர். பெர்லின் ஆணையிலிருந்து இந்தத் துப்பாக்கிக் குண்டுக்கு ஒரே நேர்கோடு போட முடியாது. இடையில் எழுபத்தெட்டு ஆண்டுகளும் பல கைகளும் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கோட்டின் முதல் புள்ளி எங்கே என்று தேடினால் பாஸியின் ஆலை வழியில் வரவே செய்யும்.

மரத்தின் கதை இதைவிட நேரடியானது. பிரிட்டிஷ் கடற்படையின் பாய்மரங்களும் பலகைகளும் தாரும் பால்டிக் கரையிலிருந்து வந்தவை. டில்ஸிட் உடன்படிக்கை அந்தக் கதவை ஆட்டங்காணச் செய்தது. மரம் இல்லையென்றால் கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் பிரிட்டன் இல்லை. அவர்கள் கனடாவின் பக்கம் திரும்பினர். அந்நிய மரத்தின் மீது தீர்வையை அடுக்கடுக்காக உயர்த்தி, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வரும் மரத்தை லாபகரமாக்கினர். ஒட்டாவா நதிக்கரையிலிருந்து ஃபிலிமோன் ரைட் 1806இல்தான் முதல் மரத்தெப்பத்தைக் கியூபெக் வரை மிதக்கவிட்டிருந்தார். சில ஆண்டுகளில் அது ஒரு பெருந்தொழிலாயிற்று. போர் முடிந்ததும் தீர்வையும் முடிந்திருக்க வேண்டுமல்லவா? 1821இல் திருத்தியபின்பும் ஒரு லோடு பால்டிக் மரத்துக்கு 55 ஷில்லிங், கனடா மரத்துக்கு 10 ஷில்லிங் என்றே இருந்தது. அதற்குள் அந்த வித்தியாசத்தை நம்பிக் கப்பல்களும் மர ஆலைகளும் முதலீடுகளும் உருவாகிவிட்டன. அவற்றின் உரிமையாளர்கள் பாராளுமன்றத்தில் குரல் உடையவர்கள்.

மரம் ஏற்றி வந்த கப்பல் கனடாவுக்குத் திரும்பும்போது காலியாகத்தானே போக வேண்டும்? அந்த வெற்றிடத்தில் மனிதர்களை ஏற்றினார்கள். மரத்துக்காகக் கட்டப்பட்ட அடித்தளத்தில் தற்காலிகப் பலகைகளை அடித்து, மலிவான கட்டணத்துக்கு அயர்லாந்தின் ஏழைகள் அடைக்கப்பட்டனர். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் முற்றிய 1847இல் இந்தக் கப்பல்களில் நச்சுக்காய்ச்சல் பரவியது. கியூபெக்குக்கு முன்னால் உள்ள க்ரோஸ் ஈல் என்ற தனிமைத் தீவில் அந்த ஓராண்டில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டனர்.

மரத்தேடல் இன்னொரு திசையிலும் போனது. அது நம் பக்கம். ஓக் மரத்தின் பற்றாக்குறை போர் தொடங்கியதிலிருந்தே பிரிட்டனை வாட்டிக்கொண்டிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கு ஓக்கைவிட நீடித்து உழைக்கும் என்பது பம்பாயில் கப்பல் கட்டிய வாடியா குடும்பத்தாருக்கு முன்பே தெரியும். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. 1806 நவம்பரில், பெர்லின் ஆணை பிறந்த அதே மாதத்தில், காப்டன் வாட்ஸன் என்ற காவல்துறை அதிகாரி மலபாரில் வனங்களின் காப்பாளராக நியமிக்கப்பட்டார். இந்தியாவில் அந்தப் பெயருடைய பதவி வகித்த முதல் மனிதர் இவரே. ‘காப்பாளர்’ என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. மரத்தைக் காப்பதல்ல, அதைக் கடற்படைக்குத் தடையின்றிக் கிடைக்கச் செய்வதே அவர் பணி. 1807இல் காடுகளின் மீதான உரிமை கம்பெனியுடையது என அறிவிக்கப்பட்டு, அனுமதியின்றித் தேக்கை வெட்டுவது தடை செய்யப்பட்டது. காட்டுக்கு உரியவர்களும் மர வணிகர்களும் கம்பெனி வைத்த விலைக்கு விற்க வேண்டியதாயிற்று. அதுவரை வேண்டியபோது மரம் எடுத்துவந்த குடிகளுக்கு அது திடீரெனக் குற்றமாயிற்று. பதினேழு ஆண்டுகள் புகார்கள் குவிந்தன. சென்னையின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1823இல் அந்தப் பதவியையும் ஏகபோகத்தையும் ஒழித்தார். காட்டின் மீது அரசு உரிமை கோரலாம் என்ற எண்ணத்தை ஒழிக்க அவரால் முடியவில்லை. பிந்திய வனச் சட்டங்களில் அது மேலும் வலுவாகத் திரும்பி வந்தது.

அந்தத் தேக்கைக் கொண்டு பம்பாயில் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா 1810இல் மிண்டன் என்ற போர்க்கப்பலையும் 1813இல் கார்ன்வாலிஸையும் கட்டினார். கார்ன்வாலிஸின் தளத்தில்தான் 1842இல் சீனா நான்கிங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஹாங்காங்கை இழந்தது. இன்னொரு கப்பலையும் பம்பாயில் கட்ட லண்டன் 1812இல் ஆணையிட்டு, அதன் வரைபடங்களை ஜாவா என்ற கப்பலில் அனுப்பியது. கடல் உத்தரவுகளால் மூண்ட அமெரிக்கப் போரில், அவ்வாண்டு டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் ஜாவா அமெரிக்கர்களிடம் சிக்கி அழிந்தது, வரைபடங்களும் போயின. மறுபடி வரைந்து அனுப்பி, மலபார்த் தேக்கைச் சேர்த்து, கப்பல் கடலில் இறங்கியபோது 1817 அக்டோபர் ஆகிவிட்டது. நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்து இரண்டாண்டுகள் கடந்திருந்தன. யாரை எதிர்த்துக் கட்டப்பட்டதோ அந்தப் போர் முடிந்துவிட்டதால் கப்பலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், பாய்மரங்களைக் கழற்றிப் பல ஆண்டுகள் சும்மா நிறுத்திவைத்தார்கள். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. கட்டணம் கட்டினால் ஏறிப் பார்க்கலாம்.